மீன் கணக்கு எழுதுற சார்

எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல விஞ்ஞானினு சொன்னா சின்னப் புள்ளைக்கும் ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வரும். ஆட்டோ பின்னாடி அவரு, டியூஷன் சென்டர் போர்டுல அவரு, சலூன் சுவத்துல அவரு, கல்யாண ஃபிளக்ஸ்ல மாப்பிள்ளை பொண்ணுக்கு மேல ஆசி வழங்குற வரிசையிலயும் அவரு. 2015 ஜூலை 30ம் தேதி பேக்கரும்புல கலாம் ஐயாவ அடக்கம் பண்ணப்ப வந்த கூட்டத்த இந்த ராமேஸ்வரம் தீவு அதுக்கு முன்னாடி பாத்திருக்குமானு எனக்கு சந்தேகம்தான். 2017ல மணிமண்டபம் திறந்ததுலேருந்து கோயிலுக்கு வர்ற வடநாட்டு பஸ்ஸெல்லாம் அங்கயும் நின்னுதான் போகுது, வாசல்ல சங்கு விக்கிறவங்களுக்கும் இளநி விக்கிறவங்களுக்கும் அதனால பொழப்பு ஓடுது.

அவர் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாதுங்க. அவங்க அத்தா ஜைனுலாப்தீன் படகு வச்சு தனுஷ்கோடிக்கு ஆள் ஏத்திட்டுப் போனவரு, அந்தப் படகை ஒரு புயல் கொண்டு போயிடுச்சு. இது எங்க கரையில முக்காவாசி வீட்டுல நடந்த கதைதான். அப்படி ஒரு வீட்டுப் பையன் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் ஸ்கூல்ல படிச்சு, திருச்சி போயி, மெட்ராஸ் போயி, 1979 ஆகஸ்ட்ல முதல் எஸ்எல்வி-3 கடல்ல விழுந்தும் அசராம அடுத்த வருஷம் ஜூலை 18ம் தேதி ரோகிணிய மேல அனுப்பிச்சாருன்னா யாருக்குப் பெருமையா இருக்காது? என் சங்கடம் வேற. விஞ்ஞானினா ராக்கெட் விடுறவரு, ஊரை விட்டுப் போனவரு, கடைசில சிலையா திரும்பி வர்றவருன்னு எங்க புள்ளைங்க மனசுல பதிஞ்சு போச்சு. இதே கரையில மூணு தலைமுறையா வேலை பாத்த விஞ்ஞானிங்கள்ல ஒருத்தர் பேரச் சொல்லுன்னு எட்டாங்கிளாஸ்ல கேட்டா ஒரு கை கூட தூக்காது. டீச்சர் ரூம்ல கேட்டாலும் அதே கததான், நான் கேட்டுப் பாத்துட்டேன்.

இத்தனைக்கும் மண்டபம் கேம்ப் எங்க ஊரு பாம்பன்லேருந்து பாலம் தாண்டினா வந்துரும். வெள்ளக்காரன் காலத்துல சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போற கூலி ஜனங்கள நோய் நொடி இருக்கானு பாக்குறதுக்காக தங்க வச்ச கேம்ப் அது, பேரே அப்படித்தான் வந்துச்சு. சுதந்திரம் வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 1947 பிப்ரவரி 3ம் தேதி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்த ஆரம்பிச்சாங்க, 1949ல அது இந்த கேம்ப் கட்டடத்துக்குள்ள வந்து உக்காந்துச்சு. இந்தியாவோட மொத்தக் கடல் மீன் ஆராய்ச்சிக்கும் தலைமையிடம் டெல்லியுமில்ல பம்பாயுமில்ல, தண்ணிக்கே அல்லாடுற எங்க மண்டபம். 1971ல கொச்சிக்கு மாத்திட்டுப் போனாங்க, இப்ப இங்க இருக்கிறது மண்டல மையம். 83க்கு அப்புறம் அதே கேம்ப் பக்கம் இலங்கைத் தமிழ் சனம் அகதியா வந்து இறங்குச்சு. ஒரு காலத்துல இங்கிருந்து சனத்த அங்க அனுப்புன அதே இடம். இதப் பத்தி தனியா எழுதணும், இன்னைக்கு வேண்டாம்.

அந்த ஆரம்ப நாள்ல பணிக்கர், ஜோன்ஸ்னு ரெண்டு டைரக்டருங்க. ஜோன்ஸ் காலத்துல மண்டபம் கேம்ப் அக்வேரியத்துல ஒரு ஜோடி கடல்பசு வளர்த்தாங்க. சும்மா இல்ல, பத்து வருஷத்துக்கு மேல. கடல்பசுவ நாங்க ஆவுளியாம்போம், கடலடியில தாழைன்னு நாங்க சொல்ற கடல்புல்லை மேயுற பிராணி, அதைத் தொட்டியில வச்சுக் காப்பாத்தணும்னா தினம் யாராவது கடல்ல இறங்கி தாழை பறிச்சுட்டு வரணும். அந்த யாராவதுங்கிற ஆளப் பத்திதான் நான் ரொம்ப நாளா யோசிக்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரையில ஜோன்ஸ் பேரு இருக்கு, ஆவுளியாவோட நீளம் அகலம் எடை எல்லாம் இருக்கு. தாழை பறிச்சவரு பாம்பன்காரரா வேதாளைக்காரரா, காலைல எத்தன மணிக்கு இறங்குவாரு, வாடைக் காத்து அடிக்கிற நாள்ல என்ன பண்ணுவாருன்னு எங்கயும் ஒரு வரி கிடையாது.

பாம்பன் பக்கத்துல இருக்குற குருசடை தீவும் அப்படித்தான். மெட்ராஸ் மியூசியம் 1927லயே அந்தத் தீவோட ஜீவராசிகளப் பத்தி தனி புல்லட்டின் போட்டிருக்கு, பாசி ஆராய்ச்சிக்குப் பேர்போன எம்.ஓ.பி. அய்யங்கார் வந்து பாசி பொறுக்கின இடம், உயிரியல் படிச்சவங்களோட சொர்க்கம்னு அதுக்குப் பட்டமே உண்டு. ஜுவாலஜி படிச்ச தமிழ்நாட்டுப் புள்ளைங்க எல்லாருக்கும் பலனோகிளாசஸ் தெரியும், முதுகெலும்புள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல நிக்கிற புழு, புத்தகத்துல கண்டிப்பா படம் இருக்கும், பரிட்சைல அஞ்சு மார்க். அது குருசடை மணல்ல இருக்குங்கிறதும், தோண்டி எடுத்தா ஆஸ்பத்திரில புண்ணுக்குப் போடுற மருந்து மாதிரி ஒரு வாடை வரும்ங்கிறதும் எங்க ஊரு படகுக்காரங்களுக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும்.

சரி, தலைப்புக்கு வரேன்.

பாம்பன் தெக்குவாடி கரையில நான் சின்னப் புள்ளையா இருக்கிறப்பவே ஒரு சார் வருவாரு. தோள்ல ரெக்ஸின் பை, கையில அட்டை போட்ட நோட்டு, சட்டைப் பைல ரெண்டு பேனா. படகு வந்து மீன் இறங்குற நேரம் ஓரமா நின்னு எழுதிட்டே இருப்பாரு. ஏலம் கூறுற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், கூடைக்காரப் பொம்பளைங்க சண்டை, இதுக்கு நடுவுல அவர் பாட்டுக்கு எழுதுவாரு. நாங்க அவர மீன் கணக்கு சார்னு சொல்வோம். அவரு என்ன எழுதுறாருன்னு நான் எம்எஸ்சி படிக்கிறப்பத்தான் எனக்கே புரிஞ்சுது.

இந்தியாவுல ஒரு வருஷத்துல கடல்ல எவ்வளவு மீன் பிடிச்சாங்கன்னு ஒரு நம்பர் பேப்பர்ல வரும் பாருங்க, அது எப்படி வருதுன்னு நெனைக்கிறீங்க? எல்லா கரையிலயும் எல்லா நாளும் ஆள் நிறுத்த எந்த சர்க்காராலயும் முடியாது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்கிறதுதான் ஏற்பாடு, ஆனா அந்த ஒரு சோத்த நம்ம இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது. மாசத்த பத்து பத்து நாளா மூணாப் பிரிச்சு, எந்த நாள் எந்தக் கரைக்குப் போகணும்னு ரேண்டமா முடிவு பண்ணி, மத்திய கடல் மீன்வள நிலையத்துக்காரங்க இவர மாதிரி ஆளுங்கள அனுப்புவாங்க. போற அன்னைக்கு மத்தியானம் 12 மணிலேருந்து சாயங்காலம் 6 வரைக்கும் கரையிலயே நிக்கணும், மறுநாள் விடியக்காலம் 6லேருந்து 12 வரைக்கும் மறுபடி நிக்கணும், ராத்திரி இறங்குன மீன விசாரிச்சு எழுதிக்கணும். படகு கம்மியா வந்தா எல்லாத்தையும் பாக்கணும், ஜாஸ்தி வந்தா அதுல சிலதை எடுத்து எந்த வலை, எத்தன பேர் போனாங்க, எவ்வளவு நேரம் வலை கெடந்துச்சு, எந்த மீன் எத்தன கிலோன்னு தனித்தனியா எழுதணும். மழையா இருக்கட்டும், கச்சான் காத்துல மணல் மூஞ்சில அடிக்கட்டும், குலுக்கல்ல விழுந்த நாள் விழுந்த நாள்தான். இன்னைக்கு நல்லா மீன் வருதுன்னு கேள்விப்பட்டு அன்னைக்கு மட்டும் போய் எழுதினா கணக்கே கெட்டுப் போகும்.

எங்க சித்தப்பா நாட்டுப்படகுக்காரரு. அவரு ஆரம்பத்துல சாருகிட்ட ஒழுங்கா சொல்லவே மாட்டாரு. அரை டன் இறங்கினா இருநூறு கிலோன்னுவாரு. ஏன் சித்தப்பா பொய் சொல்றீங்கன்னா, "ஏ புள்ள, கவர்மென்ட் ஆளு கணக்கு கேக்குறான்னா நல்லதுக்கா கேப்பான்? நாளைக்கு மானிய டீசல்ல கைய வச்சான்னா நீயா வந்து குடுப்ப?" சார் கோவிச்சுக்க மாட்டாரு. சரிண்ணே சரிண்ணேன்னு தலைய ஆட்டிட்டு, பேச்சுக் குடுத்துக்கிட்டே படகுலேருந்து இறங்குற கூடைய எண்ணிருவாரு. கூடைக்கு எத்தன கிலோ புடிக்கும்னு அவருக்குத் தெரியும்ல. இது சித்தப்பாவுக்குப் பின்னாடி தெரிஞ்சு போயி, அப்புறம் ரெண்டு பேரும் ஒரே டீக்கடையில உக்காந்து காரல் மீன்ல எத்தன வகைன்னு மணிக்கணக்கா பேசுவாங்க. சித்தப்பா கண்ண மூடிட்டு விரலால தடவி இது வேற அது வேறன்னு பிரிப்பாரு. சார் அதையும் நோட்டுல எழுதிக்குவாரு.

இப்படி எழுதி எழுதி வச்சதுல என்ன பிரயோஜனம்? பேச்சாளைய எடுத்துக்குங்க. கேரளாக்காரன் உசுரையே விடுற அந்த மத்தி 80களுக்கு முன்னாடி எங்க பக்கம் பெருசா கிடையாது, மேற்குக் கடல் மீன். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா கிழக்குக் கரையில ஏற ஆரம்பிச்சு இப்ப எங்க கரையில மலையா குவியுது, நாங்க அவ்வளவா திங்கிறதில்ல, லாரி லாரியா கேரளாவுக்குப் போகுது. கடல் சூடேறுனதால மீன் இடம் மாறுது, எல்லை விரியுதுன்னு விவேகானந்தன் மாதிரி விஞ்ஞானிங்க எழுதினாங்கன்னா, எதை வச்சு எழுதினாங்க? பத்து இருபது வருஷத்துக்கு முன்னாடி எந்தக் கரையில எவ்வளவு பேச்சாளை இறங்குச்சுன்னு யாரோ ஒரு சார் வெயில்ல நின்னு எழுதி வச்ச நோட்டு இருந்துச்சு, அதை வச்சு. பேச்சாளை வரல, பூஜ்யம்னு எழுதின நாளும் அதுல உண்டு. பூஜ்யம் எழுதுறதுக்கும் ஒருத்தர் பஸ் ஏறி வரணும், அதுக்கும் சம்பளம் குடுக்கணும். சயின்ஸ்னா என்னன்னு என்கிட்ட கேட்டா நான் முதல்ல இதத்தான் சொல்வேன்.

அந்தச் சம்பள விஷயத்துல எனக்கு சொந்த அனுபவம் உண்டு. எம்எஸ்சி முடிச்சுட்டு ஒரு ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல வேலைக்குச் சேர்ந்தேன். எந்த இடம்னு சொல்ல விரும்பல. இழுவை மடியில வர்ற சங்காயம் இருக்குல்ல, கோழித் தீவனத்துக்குப் போற கழிசல் மீனு, அதைப் பிரிச்சுப் பாத்து எதெதோட குஞ்சு எவ்வளவு சாகுதுன்னு கணக்கெடுக்கிறதுதான் என் வேலை. டிரேயில கொட்டினா வெளமீன் குஞ்சு, நண்டுக் குஞ்சு, சுண்டுவிரல் நகத்தளவு கணவாய், நடுவுல வால சுருட்டிட்டு ஒரு கடல் குதிரை. ஒவ்வொன்னா ஸ்கேல் வச்சு அளந்து எழுதி, ஃபார்மலின் பாட்டில்ல போட்டு லேபிள் ஒட்டணும். வீட்டுக்கு வந்தா கையில ஃபார்மலின் வாடை, தலைமுடியில மீன் வாடை. அம்மா சாப்பாட்டுத் தட்டத் தள்ளி வச்சுட்டு, "மீன் நாத்தம் வேண்டாம்னுதான உன்னைப் படிக்க வச்சோம், நீ படிச்சுட்டு அதே சங்காயத்தப் பொறுக்குற, அதுவும் ஏலக்காரனுக்கு வர்ற காசு கூட வரல"ம்பாங்க. பொய் இல்ல. பதினோரு மாச கான்ட்ராக்ட், அதுலயும் மாசக்கணக்கா பணம் ரிலீஸ் ஆகாது, ரிலீஸ் ஆகலைன்னா ஃபீல்டுக்குப் போற செலவு நம்ம கைக்காசு. பொண்ணு பாக்க வந்தவங்க சயின்டிஸ்டாம்னு சந்தோஷமா உக்காந்தாங்க, பெர்மனென்டான்னு கேட்டாங்க, இல்லைன்னதும் காபிய வேகமா குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

நான் புலம்புறதுக்காக இதை எழுதல (கொஞ்சம் புலம்பிக்கிறேன், அது வேற). ப்ராஜெக்ட் முடிஞ்சதும் எங்க டீம் கலைஞ்சு ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம், ஒருத்தர் பேங்க் பரிட்சை எழுதிப் போயிட்டாரு, நான் பி.எட் பண்ணிட்டு ஸ்கூலுக்கு வந்துட்டேன். அந்த டேட்டா எங்க வலை வீசினோமோ அங்க அந்த வருஷத்தோட நிக்குது. கடல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ மாறுறத பதினோரு மாச ஆளை வச்சுப் புடிக்கப் பாத்தா எப்படிங்க?

இதுக்கும் மக்கள் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, கடலடியில வெள்ளரிக்கா மாதிரி கெடக்குற கடல் அட்டையச் சொல்லணும். எங்க அப்பத்தா சொல்வாங்க, அட்டைய முங்கி எடுத்துட்டு வந்து, குடல எடுத்து அவிச்சு, மணல்ல புதைச்சு வச்சு மேல் தோல தேய்ச்சுக் கழுவி, மறுபடி அவிச்சுக் காயப் போட்டா சீனாக்காரன் நாட்டுக்குக் கப்பலேறிப் போகும்னு. நாங்க வாயில வைக்க மாட்டோம், ஆனா அந்தக் காசுல வீடு கட்டினவங்க நிறைய. 1982ல மூணு இஞ்சுக்குச் சின்னத ஏத்துமதி பண்ணக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. 1988ல தூத்துக்குடியில மத்திய நிலையத்துக்காரங்க, டி.பி. ஜேம்ஸ் சார் தலைமையில, அட்டைக் குஞ்சை தொட்டியிலயே பொரிக்க வச்சுக் காட்டினாங்க, பெரிய சாதனை. எல்லாம் ஒழுங்காப் போயிருந்தா இன்னைக்கு இறால் பண்ணை மாதிரி அட்டைப் பண்ணை வந்திருக்கும். 2001 ஜூலைல மொத்தமா வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணைல போட்டாங்க, புலிக்கு என்ன சட்டமோ அட்டைக்கும் அதே சட்டம். முந்தின நாள் வரைக்கும் தொழில், மறுநாள் ஜெயில். அதே உத்தரவுல சுறா திருக்கை மொத்தத்தையும் சேர்த்திருந்தாங்க, கரை முழுக்க சத்தம் கிளம்பினதும் அந்த வருஷம் டிசம்பர்லயே பத்து வகையோட நிறுத்திக்கிட்டாங்க. அட்டைக்கு அந்த யோகமில்ல.

அட்டை அழிஞ்சிட்டு வந்துச்சுங்கிறத நான் மறுக்கல, சின்னது பெருசுன்னு பாக்காம அள்ளினதும் நாமதான். என் கோவம் வேற இடத்துல. கடலுக்குள்ள எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு குறைஞ்சுதுன்னு இடம் இடமா எண்ணிப் பாத்து, முங்குறவங்களையும் உக்கார வச்சுப் பேசி, இந்த மாசம் வேண்டாம் இந்த சைஸ் வேண்டாம்னு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கலாமா கூடாதா? தடைய மறுபடி யோசிக்கணும்னு மீன்வள விஞ்ஞானிங்கள்லயே பலபேர் எழுதியிருக்காங்க. அக்கரையில இலங்கைல லைசென்ஸோட நடக்குற தொழில், இக்கரையில குத்தம், அதனால நடுக்கடல்ல கடத்தல். மண்டபம் அருகே கடல் அட்டை பறிமுதல்னு பேப்பர்ல வராத மாசம் இல்ல. இதுல ரொம்பப் பாவம் யாருன்னா மீன் கணக்கு சாருதான். சட்டம் போட்டது எங்கயோ டெல்லில, நோட்டோட கரையில நிக்கிறது இவரு. 2001க்கு அப்புறம் கொஞ்ச நாள் இவரப் பாத்தாலே எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க, இவன் எழுதித்தான் தடை வந்துச்சுன்னு. சித்தப்பா கூட டீக்கடைல தள்ளித்தான் உக்காந்தாரு.

எல்லாம் இப்படியே இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது. 2016 சுதந்திர தினத்தன்னைக்கு பாம்பன்ல கடல் ஓசை 90.4னு மீனவங்களுக்குன்னே ஒரு ரேடியோ ஆரம்பிச்சாங்க. ஹைதராபாத்துல இன்காய்ஸ்னு இருக்குற மத்திய அரசு கடல் தகவல் மையத்துக்காரங்க கணிச்சு அனுப்புற அலை உயரம், காத்து வேகம் எல்லாம் நம்ம பேச்சு வழக்குல சொல்றாங்க. தனுஷ்கோடிய 1964 டிசம்பர்ல கடல் விழுங்கினப்ப ரயிலுக்கே சேதி போகல, இன்னைக்கு சித்தப்பா வலை பின்னிட்டே அலை ரெண்டு மீட்டராம்னு காதுல வாங்குறாரு. அப்படியே நம்பிருவாருன்னு நெனைக்காதீங்க. வெளிய வந்து கொண்டல் காத்து எப்படித் திரும்புது, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாத்துட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கான்"னு ஒரு சர்டிபிகேட் குடுத்த பிறகுதான் முடிவு பண்ணுவாரு. எனக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் புடிக்கும். சொன்னதக் கேட்டு, சொந்தமா சோதிச்சுப் பாத்து ஏத்துக்கிறாரு, நாங்க வகுப்புல சோதனைன்னு சொல்லிக் குடுக்கிறதும் இதத்தான்.

சின்னப்பாலத்துப் பொம்பளைங்க கதையும் அந்த வகைதான். தீவு ஓரமா முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறது அவங்க தொழில், விரல்ல துணி சுத்திக்கிட்டு, காலுக்குத் தகடு கட்டிக்கிட்டு இறங்குவாங்க. மன்னார் வளைகுடா தீவுகளை தேசியப் பூங்கான்னு 1986ல அறிவிச்சு, பின்னாடி கெடுபிடி ஆனப்ப, அவங்களே உக்காந்து பேசி மாசத்துல 12 நாள்தான் எடுப்போம், இரும்பு வச்சு சுரண்ட மாட்டோம், கையாலதான் பறிப்போம்னு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. அதுக்கு முன்ன நின்ன லட்சுமி மூர்த்திக்கு 2015ல அமெரிக்காவுலேருந்து, தீவுகளைக் காக்குறவங்களுக்குக் குடுக்கிற சீகாலஜி விருது குடுத்தாங்க. பாசி திரும்ப வளர எத்தன நாளாகும்னு அவங்களுக்கு எந்த லேபும் சொல்லித் தரல.

இப்ப அடுத்த பாசி. பெப்சிப் பாசின்னு எங்க ஊர்ல சொல்ற கப்பாஃபைகஸ், பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. மண்டபத்துல ஆராய்ச்சிக்குக் கொண்டு வந்து, 2000 வாக்குல பெப்சி கம்பெனி கான்ட்ராக்ட்ல தெப்பம் போட ஆரம்பிச்சாங்க. 12க்கு 12 அடி மூங்கில் தெப்பம், கயித்துல துண்டு துண்டாக் கட்டி விட்டா 45 நாள்ல அறுத்துக்கலாம். அதுலேருந்து எடுக்கிற பசைதான் ஐஸ்கிரீம்லயும் டூத்பேஸ்ட்லயும் போகுது. நிறைய வீட்டுல பொம்பளைங்க கையில முதல் தடவ காசு புரண்டது இதனாலதான், இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா அத்துப் போன ஒரு துண்டு எங்க ஒட்டினாலும் அங்க வளர்ற ஜாதி அது. 2008ல குருசடைப் பவளப்பாறை மேல அது போர்வை போத்தின மாதிரி படர்ந்து கெடக்குன்னு விஞ்ஞானிங்க கட்டுரை போட்டாங்க. இன்னொரு பக்கம் விஞ்ஞானிங்க அப்படியெல்லாம் பயப்பட வேண்டாம்னாங்க. 2013 வாக்குல கடல் சூட்டுல நோய் வந்து தெப்பம் தெப்பமா அதுவே செத்துப் போச்சு, வளர்த்த பொம்பளைங்களுக்குத்தான் நஷ்டம். கரையில நின்னவங்களுக்கு எது நெசம்னு யாரும் வந்து சொல்லல. விஞ்ஞானிங்க அடிச்சுக்கிறது தப்பில்ல, அடிச்சுக்கத்தான் வேணும், ஆனா அது இங்கிலீஷ்ல நடக்குது, பாதிக்கப்படுறவங்க தமிழ்ல நிக்கிறாங்க.

வலமாவூர்ல 127 கோடி ரூபாய்ல கடல்பாசிப் பூங்கா வருது, 2023ல அடிக்கல் நாட்டினாங்க. வரட்டும், நல்லா வரட்டும், எங்க புள்ளைங்களுக்கு வேலை கிடைக்கட்டும். அந்த 127 கோடியில ஒரு ஓரத்துல, தெப்பத்துலேருந்து அத்துப் போற துண்டு எந்தப் பாறையில போய் ஒட்டுதுன்னு மாசாமாசம் முங்கிப் பாத்து எழுதுறதுக்கு ஒரு நாலு போஸ்ட் போடுங்க. பதினோரு மாசத்துக்கு இல்ல, ரிட்டயர் ஆகுற வரைக்கும். ஆளுக்கு அலைய வேண்டாம், முங்கத் தெரிஞ்ச பொம்பளைங்க சின்னப்பாலத்துலயே இருக்காங்க, எந்தப் பாசி எதுன்னு அவங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. அட்டவணை போட்டு நோட்டுல எழுதுறதுக்கு மட்டும் பழக்கணும். சனி ஞாயிறுல நானே வந்து பழக்கித் தரேன், சம்பளம் வேண்டாம், வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் குடுத்தா போதும்.